கல்லாவில் உட்காருபவருக்கு ஓர் இனிப்பு



நம் இதழில் வழக்கமாக ஜி.எஸ்.டி. கணக்கு, தராசு முத்திரை, லாரி வாடகை, பருப்பு விலை என்றுதான் எழுதுவார்கள். இந்தப் பக்கத்தில் மொத்த வியாபாரி ஒருவன் கரண்டியும் கையுமாக வந்து நிற்கிறானே என்று சிரிக்க வேண்டாம். சொல்லப்போவது சமையல்தான் என்றாலும், விஷயம் வியாபாரிகளுடையது. காலை முதல் இரவு வரை உட்கார்ந்தே இருக்கும் நம் உடம்பைப் பற்றியது.

நான் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மதுரை கீழமாசி வீதிப் பக்கம் சீனி, வெல்லம் மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். சீனி விற்பவனே சீனியைக் குறையுங்கள் என்று எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். சரக்கின் குணம் தெரிந்தவன்தான் அதன் அளவையும் சொல்ல வேண்டும். மிளகாய் வியாபாரி மிளகாயைக் கிலோக் கணக்கில் தின்பதில்லையே!

கல்லாவுக்குக் கீழே கடலை மிட்டாய்

எனக்குச் சர்க்கரை வியாதி வந்து பல வருடங்கள் ஆகின்றன. ஆரம்பத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னோடு ஒரே காலத்தில் வியாபாரம் தொடங்கிய பக்கத்துக் கடை நண்பருக்குக் காலில் புண் ஆறாமல், கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அவரை மருத்துவமனையில் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே என் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தேன். கணக்கு மோசமாகத்தான் இருந்தது.

மருத்துவர் இரண்டு விஷயம் சொன்னார். "இனிப்பைக் குறையுங்கள். புரதத்தைக் கூட்டுங்கள். உங்கள் சாப்பாட்டில் காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை. எல்லாமே மாவுச்சத்து. வயது ஏற ஏறத் தசை கரையும். அப்போது ஒரு படி ஏறுவதற்கும் கைப்பிடி தேடுவீர்கள்" என்றார். எங்கள் வீட்டில் சைவம். முட்டையும் கிடையாது. புரதம் என்றால் பருப்பு, சுண்டல், பால், தயிர் ஆகியவைதான்.

அன்று முதல் இனிப்பை அடியோடு விட்டேன். வீட்டில் எல்லோரும் மெச்சினார்கள். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வாரமே கல்லாப்பெட்டிக்குக் கீழே கடலை மிட்டாய்ப் பொட்டலம் ஒன்று குடியேறிவிட்டது. மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒன்று, கணக்கு முடிக்கும்போது ஒன்று. ஒருநாள் கடைப் பையன் பில் புத்தகம் தேடியபோது பொட்டலத்தைக் கண்டெடுத்து, "அண்ணாச்சி, இது யாருக்கு?" என்று கேட்டான். பதில் சொல்ல நாக்கு வரவில்லை.

விஷயம் வீடு வரை போயிற்று. என் துணைவியார் கோபிக்கவில்லை. "ஒளிச்சு வச்சுத் திங்கிறதைவிடக் கணக்கு வச்சுத் திங்கலாமேங்க. கடையில மூட்டைக்கு மூட்டை எடை போடுறீங்க, வாய்க்குப் போறதை மட்டும் எடை போடமாட்டீங்களா?" என்றார். நாற்பது வருடத்தில் என்னிடம் யாரும் இப்படி ஒரு வியாபாரக் கேள்வி கேட்டதில்லை. அதற்குத் தேடிய விடைதான் நான் கீழே சொல்லப்போகும் ஆரஞ்சுத் தயிர்.

நான் ஒருவன் கதையென்று இதை ஒதுக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே பிழைப்பு நடத்தும் நம் கூட்டத்தில் எத்தனை பேர் என்பதை, சங்கக் கூட்டத்தில் சீனி இல்லாத காப்பி கேட்டு உயரும் கைகளை எண்ணினாலே தெரிந்துவிடும்.

கோலாப்பூரில் கண்ட சரக்கு

மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர்ப் பக்கம் சீனி ஆலைகள் நிறைய உண்டு. கொள்முதல் விஷயமாக அங்கே போன காலங்களில் பூரியோடு ஸ்ரீகண்ட் என்று ஓர் இனிப்பைப் பரிமாறுவார்கள். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீரெல்லாம் இறங்கிய பிறகு மிஞ்சும் கெட்டித் தயிரை எடுப்பார்கள். அதற்கு அவர்கள் பேச்சில் சக்கா என்று பெயர். அதில் சீனி, ஏலக்காய், குங்குமப்பூ சேர்த்துக் குழைப்பார்கள். மராத்தியருடைய புத்தாண்டான குடி பாட்வா அன்று பல வீடுகளில் இது உண்டு.

ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் சீனிதான் கண்டபடி. சக்காவின் எடையில் பாதியாவது சேர்ப்பார்கள், சில இடங்களில் சரிக்குச் சரியும் போடுவார்கள். அந்தக் காலத்தில் சீனி வியாபாரியாக எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது.

கணக்கு வைத்து இனிப்புத் தின்ன வேண்டும் என்று வந்தபோது இந்தச் சக்காதான் நினைவுக்கு வந்தது. இதன் சூட்சுமம் எந்த வியாபாரிக்கும் உடனே புரியும். தயிரில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரை இறக்கிவிட்டால் சரக்கு நம்மிடம் நிற்கும். புரதம் துணிக்குள்ளேயே தங்கும். கொஞ்சம் பால் சர்க்கரை தண்ணீரோடு போய்விடும். நமக்கு வேண்டியது நிற்கிறது, வேண்டாததில் ஒரு பகுதி வடிகிறது.

சீனியைக் குறைத்தால் ருசிக்கு என்ன செய்வது? அங்கேதான் எலுமிச்சை, ஆரஞ்சு வகைகள் கை கொடுக்கின்றன. புளிப்பும் வாசனையும் சேர்ந்தால் கொஞ்சம் சீனியே எடுப்பாகத் தெரியும். வெறும் தயிரில் 60 கிராம் சீனி போட்டால் போதாது என்று தோன்றும். அதே தயிரில் ஆரஞ்சுத் தோல் வாசனை ஏறினால் அந்த 60 கிராம் தாராளம்.

பால் திரியாதா?

பாலில் எலுமிச்சை பட்டால் திரிந்துவிடுமே என்று பெண்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாயசத்தில் எலுமிச்சை பிழிந்தால் திரிந்துதான் போகும். பாலிலுள்ள கேசீன் என்ற புரதம், புளிப்பு ஓர் அளவுக்கு ஏறியதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பன்னீர் எடுக்க எலுமிச்சை பிழிவதும் இதற்காகத்தான்.

தயிரில் அந்த வேலை முன்பே முடிந்துவிட்டது. உறையின் புளிப்பிலேயே புரதம் சேர்ந்து கட்டியாகிவிட்டது. அதனால் ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டாலும் புதிதாகத் திரிவதற்கு ஒன்றும் இல்லை. பால் இனிப்புகளில் இந்தப் பழங்களை நம்பிச் சேர்க்கத் தயிர்தான் ஏற்ற இடம்.

தேவையான சரக்குகள் (ஆறு பேருக்கு)

டபுள் டோன்டு பால் 1 லிட்டர். கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 50 கிராம். புளிக்காத உறைத் தயிர் 2 தேக்கரண்டி. பொடித்த சீனி 60 கிராம். நடுத்தரமான கமலா ஆரஞ்சு 2. எலுமிச்சம்பழம் 1. ஏலக்காய் 2. சுத்தமான வெள்ளை மல் துணி ஒன்று.

பால் பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள். டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், டபுள் டோன்டு பாலில் 1.5 சதவீதம், ஃபுல் கிரீம் பாலில் 6 சதவீதம் என்பது சட்டப்படியான அளவு. புரதம் இவற்றில் பெரிதாக வித்தியாசப்படாது. லிட்டருக்குச் சுமார் 32, 33 கிராம் இருக்கும். ஆகவே புரதத்துக்காகக் கொழுத்த பாலுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

பால் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு புரதம். 50 கிராமுக்கு 17 கிராம் கிடைக்கும். டப்பாவில் 'கொழுப்பு நீக்கிய பால் பவுடர்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். காப்பி, டீக்கு என்று விற்கும் வெண்மைத் தூள் இதற்கு உதவாது. அவற்றில் சிலவற்றில் சீனியும் கலந்திருக்கும்.

செய்முறை

முதல் நாள் காலை: பாலில் அரைக் கிண்ணம் எடுத்து வெதுவெதுப்பாக்கி, பால் பவுடரைக் கட்டியில்லாமல் கரைத்து, மீதிப் பாலோடு சேர்க்கவும். பொங்கிய பிறகு அடுப்பைத் தணித்துப் பத்து நிமிடம் கிண்டிக்கொண்டே காய்ச்சவும். இதைச் சுருக்கிவிடக் கூடாது. நன்றாகச் சூடேறினால்தான் தண்ணீரோடு போகக்கூடிய ஒரு வகைப் புரதமும் கேசீனோடு ஒட்டிக்கொண்டு தயிரில் தங்கும். தயிரும் கெட்டியாகும்.

சுண்டுவிரலை விட்டால் இதமாகச் சுடும் பக்குவத்துக்கு ஆறியதும் உறை ஊற்றவும். மதுரை வெயிலில் நான்கைந்து மணி நேரத்தில் உறைந்துவிடும். மார்கழியில் இன்னும் இரண்டு மணி நேரம் கூடும். புளிக்க விடாமல், உறைந்த உடனே ஃபிரிட்ஜில் எடுத்து வைக்கவும்.

முதல் நாள் மாலை: மல் துணியைக் கொதிநீரில் போட்டு எடுத்துப் பிழிந்து, வடிதட்டின் மேல் விரிக்கவும். தயிரை அதில் ஊற்றி முடிந்து, அடியில் ஒரு பாத்திரம் வைத்து, வடிதட்டோடு ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடவும். மேலே ஒரு சின்னத் தட்டைப் பாரமாக வைத்தால் போதும். விடிவதற்குள் வேண்டிய தண்ணீர் இறங்கிவிடும்.

மறுநாள்: ஓர் ஆரஞ்சையும் எலுமிச்சையையும் வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவித் துடைக்கவும். பெட்டியில் வரும் வெளிநாட்டு ஆரஞ்சுக்குப் பளபளப்புக்காக மெழுகு பூசியிருப்பார்கள் என்பதால் தோல் எடுக்க நம் நாட்டுப் பழமே நல்லது. கேரட் துருவியின் சன்னமான பக்கத்தில் மேல்தோலை மட்டும் லேசாகத் துருவவும். உள்ளே இருக்கும் வெள்ளைத் தோல் கசக்கும், அது வரக் கூடாது. ஆரஞ்சுத் துருவல் ஒரு தேக்கரண்டி, எலுமிச்சைத் துருவல் கால் தேக்கரண்டி இருந்தால் போதும்.

இந்தத் துருவலைப் பொடித்த சீனியில் போட்டு, திருநீறு தேய்ப்பதைப்போல விரல் நுனியால் தேய்க்கவும். தோலில் உள்ள எண்ணெய் சீனியில் இறங்கி, சீனி ஈரமாகி மஞ்சள் பூக்கும். சமையலறை முழுக்க வாசனை அடிக்கும். இந்த ஒரு வேலையைத்தான் வீட்டில் எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

துணியில் உள்ள தயிரை அகலமான பாத்திரத்தில் வழித்துப் போட்டு, மத்தால் கட்டியில்லாமல் கடையவும். மிக்ஸியில் போட்டால் இளகிவிடும். வாசனைச் சீனி, தட்டிய ஏலக்காய், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்து, காற்று ஏறும்படி ஐந்து நிமிடம் அடிக்கவும். பார்க்கக் கனமாகத் தெரிந்தாலும் நாக்கில் லேசாக இருப்பதற்கு இந்தக் காற்றுதான் காரணம். கிண்ணங்களில் போட்டு ஒரு மணி நேரம் குளிர வைக்கவும்.

பரிமாறும்போது ஆரஞ்சுச் சுளைகளின் மெல்லிய தோலையும் கொட்டையையும் நீக்கி, மேலே வைத்துக் கொடுக்கவும். முன்கூட்டியே கலந்தால் சுளை தண்ணீர் விட்டுக் கிண்ணமே சளசளத்துப்போகும். பழம் அடுப்பைப் பார்க்காததால் அதிலுள்ள வைட்டமின் சி வீணாவதும் இல்லை.

நான் பட்ட நஷ்டங்கள்

நஷ்டக் கணக்கைச் சொல்லாத வியாபாரியை நம்பக் கூடாது. நான் மூன்று முறை கெடுத்திருக்கிறேன்.

முதல் முறை, சித்திரை மாதத்தில் தயிர் மூட்டையை ஜன்னல் கம்பியில் இரவு முழுக்கத் தொங்கவிட்டேன். காலையில் புளிப்பு மூக்கைத் துளைத்தது. கீழே எறும்புக் கூட்டம். கோலாப்பூர்க்காரர் தொங்கவிடுகிறார் என்றால் அவர் ஊர்க் குளிர் வேறு, நம் ஊர் வெயில் வேறு.

இரண்டாம் முறை, இரண்டு ஆரஞ்சின் சாற்றையும் பிழிந்து உள்ளே ஊற்றிவிட்டேன். இரவெல்லாம் இறக்கிய தண்ணீரை வேறு வழியில் உள்ளே ஏற்றிய கதையாயிற்று. கரண்டியில் எடுக்க முடியவில்லை. டம்ளரில் ஊற்றிக் குடித்தோம். வாசனைக்குத் தோலும், புளிப்புக்கு ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறும் போதும். ஆரஞ்சு சுளையாகவே இருக்கட்டும்.

மூன்றாம் முறை ஆரஞ்சு கிடைக்காமல் சாத்துக்குடிச் சாறு கலந்து வைத்தேன். மாலையில் தேனாக இருந்தது, காலையில் வேப்பிலையாகக் கசந்தது. பழம் கொடுத்த கமிஷன் கடை நண்பரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அண்ணாச்சி, சாத்துக்குடிச் சாறு பிழிஞ்சதும் குடிக்கணும். வச்சா கசக்கும். அது பழத்தோட குணம், நான் என்ன பண்ண?" என்றார். பிறகு விசாரித்ததில் அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. சாத்துக்குடியில் கசப்பில்லாமல் இருக்கும் ஒரு பொருள், பிழிந்த பிறகு சாற்றின் புளிப்பில் மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. ஆகவே சாத்துக்குடியைப் பயன்படுத்தினால் சுளையாக, பரிமாறும் நேரத்தில் மட்டும்.

எந்தப் பழம், எந்தக் காலம்

நாகபுரி ஆரஞ்சு வருடத்தில் இரண்டு போகம். ஐப்பசி வாக்கில் தொடங்கி மார்கழி வரை ஒன்று, மாசி பங்குனியில் ஒன்று. 2014இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் இது. தோல் இளகி எளிதில் உரியும். பழனி மலைப் பக்கத்துக் கமலா ஆரஞ்சு கிடைத்தால் விடாதீர்கள். அளவில் சிறியது, வாசனையில் பெரியது. எலுமிச்சைக்கு நமக்குப் பக்கத்திலேயே தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி இருக்கிறது. ஆந்திரத்தில் நெல்லூர்ப் பக்கத்துக் கூடூர்ச் சரக்கும் பெயர் பெற்றது. கோடையில் எலுமிச்சை விலை எகிறும் என்று நமக்குத் தெரியும். இந்தக் கணக்கில் ஆறு பேருக்கு ஒரு பழம்தான் செலவு.

ஓர் எச்சரிக்கை. கிரேப் ஃப்ரூட் என்று ஒரு பழம் இப்போது பெரிய கடைகளில் வருகிறது. கொழுப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளோடு அது சேராது. நம் பம்பளிமாஸும் அதற்கு உறவுதான். அந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொட வேண்டாம்.

இனிக் கணக்குக்கு வருவோம்

என் துணைவியார் கேட்டபடி எல்லாவற்றையும் கடைத் தராசில் வைத்தே பார்த்தேன். ஏறத்தாழ 1 கிலோ தயிர் கிடைத்தது. அதிலிருந்து இறங்கிய தண்ணீர் 550 முதல் 600 மில்லி. துணியில் நின்றது 450 கிராமுக்குக் கிட்ட. பாலில் 33, பவுடரில் 17, ஆக 50 கிராம் புரதம் உள்ளே போகிறது. தண்ணீரோடு மூன்று நான்கு கிராம் போனாலும், ஆறு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 7 கிராமுக்குக் குறையாது. ஒரு கோழி முட்டையில் உள்ள அளவு. சேர்த்த சீனி தலைக்கு 10 கிராம்.

நம் வீட்டு ரவா கேசரியோடு ஒப்பிடுங்கள். 200 கிராம் ரவைக்கு 400 கிராம் சீனி, 150 கிராம் நெய் என்று பன்னிரண்டு பேருக்குச் செய்தால், தலைக்குச் சீனி 33 கிராம், புரதம் 2 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட அறிவுரைப்படி, பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் மிகவும் நல்லது. ஒரு கரண்டிக் கேசரியிலேயே ஒரு நாள் கோட்டா தீர்ந்து, கடன் விழுகிறது.

ஆனால் இதை மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். ஒரு கிண்ணம் அதில் ஏழில் ஒரு பங்குதான் தரும். மீதிக்குப் பருப்பும் சுண்டலும் மோரும் இருக்கத்தான் வேண்டும். இதிலும் சீனி இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டு, அந்த வேளைச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைக்க வேண்டும். சீனிக்குப் பதில் வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ போட்டால் பாதகமில்லை என்று சிலர் சொல்வார்கள். இரண்டையும் விற்பவன் சொல்கிறேன், இரத்தத்தில் ஏறும் கணக்கில் இரண்டும் உடன்பிறப்புகள்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

வடிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். சப்பாத்தி மாவு பிசையலாம். உப்பும் பெருங்காயமும் போட்டு மோர்போலக் குடிக்கலாம். ரசத்தில் புளியைக் குறைத்து இதைச் சேர்க்கலாம். கழிவு என்று எழுதித் தள்ளிய சரக்கிலும் காசு இருக்கிறது என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடையில் விற்கலாமா?

இதைப் படிக்கும் இனிப்புக்கடை உறுப்பினர்களுக்கு இந்தக் கேள்வி வரும். உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ உள்ளவர்கள் தாராளமாகச் செய்யலாம். ஆனால் கிண்ணத்தில் 'புரதம் நிறைந்தது' என்று ஒட்டுவதற்கு முன் யோசியுங்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2018இல் கொண்டுவந்த விளம்பர விதிகளில் இதற்கு அளவு உண்டு. திட உணவு 100 கிராமில், ஒரு நாள் தேவையில் 20 சதவீதம் புரதம் இருக்க வேண்டும் என்பது அதிலுள்ள ஓர் அளவுகோல். ஆண் ஒருவருக்கு 54 கிராம் என்று எடுத்தால் அது 11 கிராமுக்குப் பக்கம் வரும். நம் கிண்ணத்தில் பழமும் சீனியும் சேர்ந்த பிறகு 100 கிராமுக்கு 7 கிராம்தான். வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். லேபிளில் போட வேண்டுமானால் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்த பிறகே போட வேண்டும்.

ஃபிரிட்ஜில் வைத்தாலும் இரண்டு நாளுக்கு மேல் இதை வைக்கக் கூடாது. வெளியே வைத்து விற்கும் சரக்கும் இதுவல்ல.

ஆயுத பூஜை அன்று

சென்ற ஆயுத பூஜைக்கு எங்கள் கடையில் வழக்கமான லட்டுப் பெட்டிகளுக்குப் பதிலாக இதையே கொடுப்பது என்று முடிவு செய்தேன். மூட்டை தூக்கும் தொழிலாளர்கள், கணக்கர், கடைப் பையன்கள் என்று இருபத்துநான்கு பேர். நான்கு லிட்டர்ப் பால். ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தேன். எல்லோரும் சாப்பிட்டார்கள். ஆனால் வயதான சுமைத் தொழிலாளி ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, "ரொம்ப நல்லாருக்கு அண்ணாச்சி. ஆனா வீட்டுல பிள்ளைங்க லட்டுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. என் வியாதிக்கு ஏற்ற சரக்கை அவர் வீட்டுப் பிள்ளைகளின் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவர் உடம்பு வேறு, கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் உடம்பு வேறு. உடனே ஆள் அனுப்பி லட்டு வரவழைத்து, எல்லோருக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். இந்த வருடம் முதல் இரண்டும் உண்டு. பெட்டியில் லட்டு அவர்கள் வீட்டுக்கு, கிண்ணத்தில் ஆரஞ்சுத் தயிர் கடையில் உட்கார்ந்து சாப்பிட.

ஆனால் நமக்குள் ஒரு வேண்டுகோள். சங்கத்தின் பொதுக்குழுவில் நாம் எல்லோரும் உட்கார்ந்து பிழைப்பவர்கள். அங்கே இலையில் ஜாங்கிரியும் பாதுஷாவும் விழும்போது, வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டுத் தின்றுவிட்டு, இரவில் மாத்திரையைக் கூட்டிப் போட்டுக்கொள்கிறோம். விருந்தோம்பலின் பெருமை சீனியின் எடையில் இல்லை. அடுத்த பொதுக்குழுவில் ஒரு இனிப்பைக் குறைத்து, இந்தக் கிண்ணத்தை ஒரு மேசையில் வைத்துப் பார்ப்போம். வேண்டுபவர் எடுத்துக்கொள்ளட்டும். பால், பழச் செலவை இந்த முறை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

விரல்களை இழந்த என் நண்பர் இப்போது மீண்டும் கடைக்கு வருகிறார். மாதத்தில் இரண்டு ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வருவார். ஆளுக்கொரு கிண்ணம். இரண்டாவது கேட்டால் அவருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. கணக்கு என் துணைவியார் கையில் இருக்கிறது. கல்லாவுக்குக் கீழே இப்போது பில் புத்தகம் மட்டும்தான்.

செய்து பார்க்கும் உறுப்பினர்கள் உங்கள் வீட்டு அளவையும், கெட்டுப்போனால் எங்கே கெட்டது என்பதையும் சங்க அலுவலகத்துக்கு எழுதி அனுப்புங்கள். லாபக் கணக்கோடு நஷ்டக் கணக்கும் வந்தால்தான் சரக்கின் குணம் எல்லோருக்கும் தெரியும்.